கட்கி மைதானத்தில் மூத்தோர் ஹாக்கி



ஹாக்கி ஆட்டக்காரர் ஒருவர் 35 வயதைக் கடந்துவிட்டால் ஆடுகளம் அவரை மூத்தவர் என்று அழைக்கத் தொடங்கிவிடுகிறது. அலுவலகத்தில் அப்பொழுதுதான் பொறுப்புள்ள பதவி கிடைத்திருக்கும். வீட்டில் குழந்தைகள் பள்ளியில் சேர்ந்திருப்பார்கள். ஆயினும் மட்டை பிடித்த கைக்கு முதுமை வந்துவிட்டதாகக் கணக்கு. மூத்தோருக்கான பன்னாட்டுப் போட்டிகளில் ஆடவர் பிரிவு இந்த 35இல் தொடங்கி, ஐந்தைந்து ஆண்டாக ஏறி, எழுபதையும் தாண்டிச் செல்கிறது. நம் நாட்டில் ஹாக்கி இந்தியா அமைப்பு தனது மூத்தோர் கோப்பைப் போட்டியை 2025 ஜூனில் சென்னையில் முதன்முறையாக நடத்திற்று. ஆடவருக்கு 40, மகளிருக்கு 35 என்பது வயது வரம்பு.

நாம் இன்று சொல்லப் புகுவது கோப்பையும் தேர்வாளரும் இல்லாத ஆட்டத்தைப் பற்றி. பழைய ஆட்டக்காரர் கழகங்கள் இரண்டு, ஒன்றையொன்று அழைத்து, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆடும் நட்பாட்டம் அது. பார்க்க வருபவர் இருபது பேர் இருந்தால் அதிகம்.

புனே நகரை ஒட்டிய கட்கியைப் பழைய ஏடுகள் 'கிர்க்கி' என்று எழுதும். ராணுவப் பாசறையும் வெடிமருந்துத் தொழிற்சாலையும் அமைந்த ஊர். பிழைப்பை நாடி அங்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றில்தான் 1968இல் தன்ராஜ் பிள்ளை பிறந்தார். தந்தை தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிக்கும் ஊழியர். சகோதரர்களோடு உடைந்த மட்டையும் பிறர் கழித்துப்போட்ட பந்தும் கொண்டு அந்த மண்ணில் ஆடிப் பழகிய சிறுவர், 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் விழாக்களில் இந்தியாவுக்காக ஆடினார். 1998இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் அவர் தலைமை தாங்கிய அணி தங்கம் பெற்றது. அதற்குமுன் நமக்கு அத்தங்கம் கிடைத்தது 1966இல். எனவே கட்கியில் ஹாக்கி என்றால், தமிழர் வீடுகளில் அது ஏதோ அயலாருடைய ஆட்டம் என்ற எண்ணமே இல்லை.

அத்தகைய ஊரில் மும்பையிலிருந்து ஒரு மூத்தோர் கழகம் வந்து ஆடிய ஆட்டத்தை நாம் பார்த்தோம். விருந்தினர் முந்தின நாள் மாலை டெக்கான் குயினில் புறப்பட்டு வந்து சிவாஜிநகரில் இறங்கினர். இரு அணிகளிலும் தமிழர், மராட்டியர், கோவாக்காரர், பஞ்சாபியர் கலந்திருந்தனர். மிக இளையவருக்கு 45. மிக மூத்தவருக்கு 67. ஒருவர் கையில் மல்பெரி மரத்தில் செய்த பழைய மட்டை இருந்தது. மற்றவர்களுடையவை இக்காலத்துக் கார்பன் இழை மட்டைகள். பழைய மட்டைக்காரரை எல்லோரும் ஒருமுறை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள்; ஆனால் யாரும் மாற்றிக்கொள்ள முன்வரவில்லை!

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னரே ஒரு வழக்கு எழுந்தது. இன்றைய ஹாக்கியில் ஆஃப்சைடு விதி இல்லை. 1990களில் அது நீக்கப்பட்டுவிட்டது. எதிரணியின் காவலரைக் கடந்து, பந்து வருவதற்கு முன்பே கோலருகே சென்று காத்து நிற்றல் குற்றம் என்பது அவ்விதியின் சாரம். உள்ளூரார் அதன்படியே இளமையில் ஆடியவர்கள். பழைய விதியே வேண்டும் என்றார்கள். விருந்தினருக்கோ புதிய பழக்கம். இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி ஆடுவது, முதற்பாதி பழைய விதி, பிற்பாதி புதிய விதி என்று முடிவாயிற்று. நல்ல முடிவு என்றே நமக்குத் தோன்றிற்று. இரண்டு காலங்களை ஒரே காலையில் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதன்று.

முதற்பாதியில் ஓட்டம் குறைவு, ஆட்டம் மிகுதி. கோலருகே சென்று நிற்க வழியில்லாமையால் எல்லோரும் நடுக்களத்தில் நெருங்கி நின்றார்கள். அந்த நெருக்கத்தில் பந்தைக் கொண்டுசெல்ல மணிக்கட்டு ஒன்றே துணை. 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததிலிருந்து, பந்து சறுக்கிக்கொண்டு நேராக வரும் என்று நம்பி ஆடலாம். கட்கியின் மண் தரையில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. பந்து ஒரு கல்லில் பட்டுத் துள்ளும். ஒரு பள்ளத்தில் விழுந்து தயங்கும். அது எப்படித் துள்ளும் என்பதை மட்டை தொடுவதற்கு முன்னரே கண் அறிந்திருக்க வேண்டும். உள்ளூர் இடப்பக்க ஆட்டக்காரர் ஒருவர், 60 வயதைத் தாண்டியவர், பத்தடிக்குமேல் ஓடியதாக நமக்கு நினைவில்லை. ஆயினும் வந்த பந்து ஒவ்வொன்றும் அவர் மட்டையில் பட்டவுடன் நின்றுவிட்டது. மட்டையைத் திருப்பி, பந்தை இடமிருந்து வலமாக இழுத்து, எதிரே வந்தவரை வேறு பக்கம் போகவிட்டு, அமைதியாக அடுத்தவருக்குத் தள்ளினார். "அண்ணே, நீங்க ஓட வேண்டாம், பந்தை ஓட விடுங்க!" என்று எல்லைக்கோட்டிலிருந்து யாரோ தமிழில் கூவினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை. இந்த வித்தையைச் செயற்கைத் தரையில் பழகும் இளைஞர்கள் கற்பதில்லை. அவர்களுக்கு அது வேண்டியிருப்பதும் இல்லை. மண்ணில் பழகிய தலைமுறை ஆடும் வரையில்தான் அதைக் கண்ணால் காண முடியும். பாதி முடிவில் ஆளுக்கொரு கோல்.

பிற்பாதியில் காட்சியே வேறு. மும்பை அணியின் பருத்த முன்னணி வீரர் நேரே எதிரணியின் கோலருகே சென்று நின்றுகொண்டார். அவரைக் காக்க உள்ளூர்க் காவலர் ஒருவரும் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. பந்து வராத வேளைகளில் இருவரும் மகள்களின் திருமணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பந்து வந்தபோது திருமணப் பேச்சு நின்றது, கோல் விழுந்தது. விதி நீங்கியது முதியோருக்கு வரம் என்று சிரித்தோம். ஆனால் களம் அகன்றுவிட்டமையால் நடுவில் நிற்பவர்கள் அதிகம் ஓட வேண்டியிருந்தது. மூச்சு வாங்கத் தொடங்கியது.

உள்ளூரார் இன்னொரு கோல் போட்டு இரண்டுக்கு இரண்டு என்று ஆன பிறகுதான் அது நிகழ்ந்தது. நாம் முன்னர் சொன்ன அதே இடப்பக்க ஆட்டக்காரர் குனிந்து முழங்காலில் கை வைத்து நின்றார். பிறகு இடத்தோளைத் தேய்த்துக்கொண்டார். தலைவர் ஓடிவந்தார்.

"அண்ணே, வெளிய வாங்க."

"ஒண்ணுமில்லை தம்பி, மூச்சுதான். அஞ்சு நிமிஷம் பாக்கி இருக்கு."

"ஆட்டம் போனாப் போகட்டும். நீங்க வாங்க."

மாற்றுக்கு இருந்தவர்கள் இருவரும் முன்னரே தொடைப் பிடிப்பால் ஒதுங்கியிருந்தார்கள். உள்ளூரார் பத்துப் பேராக நின்றனர். அதைக் கண்ட மும்பைத் தலைவர் யாரையும் கேளாமல் தம் அணியிலும் ஒருவரை வெளியே அனுப்பினார். பத்துக்குப் பத்தாக ஆடி, மூன்றுக்கு இரண்டு என்று மும்பை வென்றது. வெளியே வந்த பெரியவரை அதற்குள் காரில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். இருதயத்தின் இரத்தக் குழாய் ஒன்றில் அடைப்பு இருந்தது தெரியவந்து, உரிய சிகிச்சை நடந்தது. இப்பொழுது அவர் மைதானத்துக்கு வருகிறார். கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்கிறார்.

இந்த வயதில் ஆட்டம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. நமக்கு அக்கேள்வியில் உடன்பாடு இல்லை. வாரம் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருந்து ஞாயிறு ஒரு நாள் மட்டும் இருபது வயதுக்காரரைப்போல் பாய்வதே தீங்கு. நாள்தோறும் நடந்து பழகிய உடல் தாங்குவதை, திடீரென்று எழுந்து ஓடும் உடல் தாங்காது. நெஞ்சில் அழுத்தமோ, தோளுக்கும் தாடைக்கும் பரவும் வலியோ வந்தால் 'இன்னும் ஐந்து நிமிடம்' என்ற சொல்லுக்கு இடமே கொடுக்கலாகாது.

தில்லியிலோ கொல்கத்தாவிலோ பெங்களூரிலோ வசிக்கும் நேயர்கள் சிலர் வீட்டுப் பரணில் மட்டை ஒன்று கிடக்கக்கூடும். அதைக் கீழே இறக்குவதற்கு முன் மருத்துவரைக் கண்டு இரத்த அழுத்தமும் இருதயமும் சோதித்துக்கொள்க. மர மட்டையானால் கழுத்தில் விரிசல் உண்டா என்று தட்டிப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே காப்புக் கட்டாமல் களத்தில் இறங்க வேண்டா. பெனால்டி கார்னரில் பந்தை ஓங்கி அடிப்பதில்லை, தள்ளுவது மட்டுமே என்று இரு தலைவர்களும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. மாற்று ஆட்டக்காரர் ஐவராவது வேண்டும். மைதானத்தைப் பொறுத்தவரை, காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுங்கள். ஒன்பது மணிக்குக் கிரிக்கெட் மட்டையோடு சிறுவர்கள் வந்து எல்லைக்கோட்டில் வரிசையாக நிற்பார்கள். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.