சன்னலுக்கு வெளியே ஒரு மரம்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில் சிலருக்குச் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. சிலருக்கு வெறும் செங்கல் சுவர். ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1972 முதல் 1981 வரையிலான பதிவேடுகளைப் புரட்டி, வயது முதலானவற்றில் ஒத்துப்போகும் 23 ஜோடிகளை ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அழுகிறார், தைரியம் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற மாதிரி நர்ஸ்கள் எழுதிய குறிப்புகளும் குறைவு.

வெறும் 46 பேரை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பது நியாயம்தான். ஆனால், நோயாளியைச் சுற்றியுள்ள சூழல் வலியைத் தணிக்கும் என்பதற்கு இசையிலும் சான்று இருக்கிறது. 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இசை பற்றிய 73 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. அறுவை சிகிச்சையையொட்டி இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. மயக்கத்தில் இருந்தபோது ஒலித்த இசைக்கும் பலன் இருந்தது. இசை கட்டியைக் கரைக்காது, தொற்றைத் தீர்க்காது. மருந்துக்குப் பதிலாகப் பாட்டு என்று யாராவது சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். ஆனால் வலியைப் பெரிதாக்குவதில் பயத்துக்கும் பங்கு உண்டு. அந்தப் பயத்தைத் தணிப்பதும் சிகிச்சைதான். செலவு அதிகமாகுமே என்பார்கள். கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பிப் போடவும், வெளியே நாலு மரக்கன்று நடவும் அப்படி என்ன செலவாகிவிடும்?