உண்டியல் ஏந்துவோர் கணக்குக் காட்ட வேண்டும்!

(மன்னார்குடியில் அரிசி ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

நல்ல காரியத்துக்கென்று வந்து கேட்டவரிடம் இல்லையென்று சொன்னவர் உங்களில் எத்தனை பேர்? அநேகமாக ஒருவரும் இருக்கமாட்டீர்கள். வெற்றிலை பாக்குக்கு வைத்திருந்த பத்து ரூபாயையாவது எடுத்துப் போட்டிருப்பீர்கள். ஆனால், போட்ட பணம் எங்கே போயிற்று என்று கேட்டவர் எத்தனை பேர்? தர்மத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று வாயை மூடிக் கொள்கிறோம். இந்தப் பழக்கம் நல்லதா என்பதைத்தான் இன்று ஆராய வேண்டும்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி நம் தாலுகாவையும் நாசமாக்கியதை நீங்கள் அறிவீர்கள். கூரையும் தென்னையும் இழந்த குடும்பங்களுக்காகச் சேதம் குறைந்த ஊர்களில் நாங்கள் உண்டியல் ஏந்தினோம். இரண்டாம் முறை போனபோது நடவு வேலை செய்யும் ஒரு பாட்டி என்னைத் தடுத்து நிறுத்தினார். "தம்பி, காசு தர்றேன். போன தடவை வாங்கிட்டுப் போனியே, அது என்னாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே?" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். நாங்கள் ஒரு காசும் திருடவில்லை; அரிசியும் தார்ப்பாயும் வாங்கிக் கொடுத்திருந்தோம். ஆனால் கையில் கணக்கு இல்லை. திரும்பி வந்து ரசீதுகளை ஒத்துப் பார்த்தபோது 340 ரூபாய் இடித்தது. அதைக் கைப்பணத்திலிருந்து ஈடு செய்து, அதே தெருவில் கணக்கைப் படித்துக் காட்டினேன். யோக்கியன் என்பது மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்பதை அந்தப் பாட்டி எனக்குக் கற்பித்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் ராஜகோபாலசுவாமி கோயில் உண்டியலைப் பாருங்கள். அதை ஒருவர் இரவில் தனியே திறந்துவிட முடியாது. அறநிலையத்துறை அதிகாரிகள் முன்னிலையில் திறந்து, பலர் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். 1959-ம் ஆண்டு அறநிலையச் சட்டம் அதற்கு மேல் இருக்கிறது. சாமி உண்டியலுக்குச் சட்டம் இருக்கிறது, மனிதன் உண்டியலுக்கு?

சங்கமாகப் பதிவு செய்தால், 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். ஆனால் அறக்கட்டளை என்று பத்திரம் எழுதிப் பதிந்துவிட்டால், பத்திரம் பதிந்த சார்பதிவாளரிடம் ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்கும் வேலை இல்லை. வரிச் சலுகை வேண்டுமானால் வருமான வரி இலாகாவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலையும் தர வேண்டும் என்று 2021-22 கணக்காண்டு முதல் விதி செய்தார்கள். இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள் தோழர்களே! லட்சம் கொடுத்து வரி குறைத்துக் கொள்ளும் முதலாளிக்குச் சான்றிதழ் உண்டு. பத்து ரூபாய் போட்ட கூலிக்காரனுக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. கணக்கு சர்க்காருக்குப் போகிறது, கொடுத்தவனுக்கு வருவதில்லை.

வேறு இடங்களில் எப்படி?

பம்பாயில் 1950-ம் ஆண்டே பொது அறக்கட்டளைச் சட்டம் வந்தது. தர்ம கமிஷனர் என்று தனி அதிகாரியே உண்டு. பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போடும் மண்டலிகள்கூட வசூலுக்கு அவர் இலாகாவில் அனுமதி பெற்று, பிறகு கணக்குக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட பொதுச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. இங்கிலாந்தில் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி, கூலிக்கு வசூல் செய்பவன் எந்த ஸ்தாபனத்துக்காகக் கேட்கிறான், தன் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைக் கொடுப்பவரிடம் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவில் நடந்ததையும் கேளுங்கள். நூறு டாலரில் எவ்வளவு தனக்கு என்பதை வசூல்காரன் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ஒரு மாநிலம் சட்டம் செய்தது. பேச்சுச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. யாருடைய சுதந்திரம்? பின்னர், போர்வீரர்களின் பெயரால் தொலைபேசியில் பணம் திரட்டிய ஒரு கம்பெனி நூற்றுக்கு 85-ஐத் தானே எடுத்துக் கொண்டது அம்பலமாயிற்று. எவ்வளவு போய்ச் சேரும் என்று பொய் சொல்லி வாங்கினால் மோசடி வழக்குப் போடலாம் என்று 2003-ல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் கூலிக்கு வசூல் செய்வது வந்துவிட்டது. நோயுற்ற குழந்தையின் படத்தைச் செல்போனில் காட்டிக் கேட்கிறார்கள். எல்லாரும் மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை. அதில் பிழைத்த குழந்தைகளும் உண்டு. ஆனால் நடுவில் எடுக்கப்படும் கட்டணம் எவ்வளவு என்று கேட்க நமக்கு உரிமை வேண்டாமா?

மேலே இருப்பவர்கள் வழி காட்டினார்களா? கொரோனா காலத்தில், 2020 மார்ச் 27 அன்று, பிரதமரைத் தலைவராகக் கொண்டு "பி.எம். கேர்ஸ்" நிதி தொடங்கப்பட்டது. மார்ச் 31-க்குள் சுமார் 3,076 கோடி ரூபாய் சேர்ந்தது. பொதுத்துறை ஊழியர்களின் ஒரு நாள் சம்பளமும் அதில் போயிற்று. தகவல் உரிமைச் சட்டத்தில் விவரம் கேட்டபோது, இது அரசு நிதியல்ல, அந்தச் சட்டம் பொருந்தாது என்று பிரதமர் அலுவலகம் பதில் சொன்னது. தணிக்கை செய்த மொத்தக் கணக்கை வெளியிட்டார்கள். பெருந்தொகை கொடுத்தவர் யார் என்ற பட்டியலை வெளியிடவில்லை. நாட்டின் பெரிய உண்டியலே இப்படியென்றால், தெரு உண்டியலை யார் கேட்பது?

நாம்தான் கேட்க வேண்டும்! வசூலுக்கு வருபவரிடம் மரியாதையாக ஐந்து விஷயம் கேளுங்கள். ஸ்தாபனத்தின் பெயரும் பதிவு எண்ணும் என்ன? பணம் எந்தக் காரியத்துக்கு? நீங்கள் தொண்டரா, கூலிக்கு வந்தவரா? நூற்றுக்கு எவ்வளவு காரியத்துக்குப் போகும்? கணக்கை எங்கே, எப்போது படிப்பீர்கள்? கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பொய் சொல்லி வாங்கியது தெரிந்தால் போலீசில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பொது அறக்கட்டளையில் முறைகேடு நடந்தால், அதில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து, நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, கணக்குக் கேட்டு வழக்குத் தொடர 1908-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-வது பிரிவு வழி செய்கிறது. இரண்டே பேர் போதும்!

ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு அலைவது எத்தனை பேரால் முடியும்? ஆகவே, வசூலிப்பவர் தன் பெயரையும் காரியத்தையும் கூலியையும் கொடுப்பவரிடமே சொல்லவும், கணக்கை ஊரறிய ஒட்டவும் கட்டாயப்படுத்தும் சட்டம் தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்று கோருவோம். அதுவரை நம்மிடமிருந்தே தொடங்குவோம். நம் சங்கத்து உண்டியலாயினும் கணக்கு டீக்கடைச் சுவரில் தொங்கட்டும். நானே வந்து கேட்டாலும், அந்தப் பாட்டி கேட்டதுபோல் என்னைக் கேளுங்கள்!