பல் போனாலும் சொல் போகாது



'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. சொல் மட்டுமா போகிறது? சோறும் போகிறது. முறுக்கு வேண்டாம், கறி வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியிருக்கிறது. கஞ்சிதான் மிஞ்சுகிறது. உடம்பு மெலிகிறது.

வயதானால் இப்படித்தான் என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. போன பல்லுக்குப் பதில் பல் செட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி. 1789இல் அவர் பதவி ஏற்றபோது வாயில் சொந்தப் பல் ஒன்றுதான் இருந்தது. நீர்யானைத் தந்தத்தில் செய்த செட்டைப் போட்டுக்கொண்டார். இன்று அக்ரிலிக் என்ற லேசான பொருளில் செய்கிறார்கள்.

ஹைதராபாத்தில் அப்சல்கஞ்ச் பகுதியில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அது 1959இல் தொடங்கியது. இப்படிப்பட்ட மருத்துவமனைகளில் பல் செட்டு எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் வாயைப் பார்ப்பார்கள். கெட்ட பல்லைப் பிடுங்குவார்கள். புண் ஆறியதும் ஈற்றை அச்செடுத்து அளவு பார்ப்பார்கள். மெழுகில் பல் பதித்து வாயில் வைத்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால்தான் செட்டைச் செய்வார்கள். இதற்காகப் பல முறை போக வேண்டும். அலுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொருவர் வாயும் ஒவ்வொரு விதம். ஒருவர் செட்டு இன்னொருவருக்குப் பொருந்தாது.

தெருவோரத்தில் சிலர் ஒரே நாளில் பல் கட்டிவிடுகிறார்கள். கழற்ற முடியாதபடி பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடுகிறார்கள். அடியில் சோறு தங்கும். ஈறு அழுகும். நல்ல பல்லும் ஆடிவிடும். காசு மிச்சம் என்று நினைத்தால் இருக்கிற பல்லும் போய்விடும். பதிவு பெற்ற பல் டாக்டரிடமே போக வேண்டும்.

செட்டு வந்த புதிதில் எச்சில் ஊறும். பேச்சு குழறும். பயப்பட வேண்டாம். மெதுவான சாப்பாட்டை இரண்டு பக்கமும் மெல்லுங்கள். தினமும் புத்தகத்தைச் சத்தமாகப் படியுங்கள். நாக்கு பழகிவிடும். எழுத்தும் பழகும்!

இரவில் செட்டைக் கழற்றுங்கள். பிரஷ், சோப்பு கொண்டு கழுவுங்கள். கீழே விழுந்தால் உடையும். அதனால் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் பிடித்துக் கழுவுங்கள். சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் கூடாது, செட்டு வளைந்துவிடும்.

நாளாக ஆகத் தாடை எலும்பு தேயும். செட்டு தளரும், உரசிப் புண்ணாகும். நீங்களே கத்தியால் சுரண்டாதீர்கள். டாக்டரிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்டுங்கள். அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

வீட்டில் பல் இல்லாத பெரியவர் இருக்கிறாரா? அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் மறுபடியும் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடட்டும்.