லாட்டுச் சீட்டும் மணிச் சத்தமும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம்ம லேபில் செய்முறைத் தேர்வன்று லாட்டுச் சீட்டு எடுப்போமே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு விழுந்தது மின்மாற்றி. ரீடிங் எல்லாம் மனப்பாடம்! மற்றதெல்லாம் தெரிந்த என் நண்பனுக்கோ, தெரியாத அந்த ஒரு மோட்டார் வந்து விழுந்தது. அன்றைக்கு நான் வாங்கிய மார்க்கு எனக்கு வந்ததல்ல, சீட்டுக்கு வந்தது.

என் தங்கை இதே ராமநாதபுரம் மாவட்டத்தில் நர்ஸிங் படிக்கிறாள். அங்கேயும் முன்பு இந்தக் கதைதான். வார்டில் ஒரு நோயாளி, அவரை வைத்தே தேர்வு. சாதுவானவர் அமைந்தால் அதிர்ஷ்டம். இதை மாற்ற, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியர் 1975-இல் ஒரு முறையை வெளியிட்டார். 'ஆஸ்கி' என்கிறார்கள். வரிசையாக மேஜைகள், ஒன்றில் ஊசி, ஒன்றில் ரத்த அழுத்தம், ஒன்றில் கட்டுப் போடுதல். மணி அடித்தால் அடுத்த மேஜை. எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே மார்க்குப் பட்டியல். இந்திய நர்ஸிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் இதையும் சேர்த்தது. இங்கே படித்துவிட்டு பிரிட்டனுக்கு வேலைக்குப் போகிறவர்களும் இப்படிப் பத்து மேஜை தாண்ட வேண்டும்.

"நியாயமான பரீட்சைதானே?" என்று கேட்டேன். "நியாயந்தாண்ணே, மணி அடிச்சாத்தான் கை நடுங்குது" என்றாள் ஒரு தோழி. "மார்க்குக்காகக் கை கழுவி, இப்ப அதுவே பழக்கமாயிருச்சு" என்றாள் இன்னொருத்தி. என் தங்கை சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "பொம்மைகிட்ட 'பயப்படாதீங்க'ன்னு சொன்னா மார்க்குண்ணே. பொம்மைக்கு என்ன பயம்?"

போஸ்டிங்கில் இருந்தபோது திருக்கை முள் குத்திய பாம்பன் மீனவர் ஒருவரைக் கொண்டு வந்தார்களாம். பொறுக்கிற சூட்டு வெந்நீரில் காலை வைக்கச் சொன்னார் மூத்த நர்ஸ். அவர் உதைத்த உதையில் பேசின் கவிழ்ந்தது. "பட்டியல் எல்லாம் மறந்துபோச்சுண்ணே. 'எத்தனை நாளா கடலுக்குப் போறீங்க'ன்னு பேச்சுக் கொடுத்தேன். கால் தானா உள்ளே வந்துச்சு."

அதற்காக ஆஸ்கி வேண்டாம் என்பேனா? சீட்டு எடுத்தவன் நான், சொல்ல மாட்டேன். ஆனால் ஹார்டன் முறையில் பொம்மை மட்டுமில்லை. நோயாளியாக நடிக்க ஆட்களையும் உட்கார வைப்பதுண்டு. அவர்கள் பழகுவதற்கு நாம் போய் உட்காரலாமே! நடிப்பு வராதே என்று கூச்சப்பட வேண்டாம். வைவாவில் எல்லாம் தெரிந்த மாதிரி நடித்தவர்கள்தானே நாம்!

ஆசிரியைகளிடம் பேசிவிட்டேன், சனிக்கிழமை மதியம் வரச் சொல்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் பந்தி முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். திருக்கை குத்திய ஆள் வேஷம் மட்டும் எனக்கு. நன்றாக உதைக்கச் சொல்லியிருக்கிறாள் தங்கை.