தீராத களைப்பு: காரணம் அறிவோம்!

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. "ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதிதான்" என்பதே அது. காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் விரைகிறோம். பல் வலித்தால் ஒரு நாள் கூடப் பொறுப்பதில்லை. ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும் களைப்பை நாம் ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. அதனை இளைஞனிடம் கண்டால் சோம்பல் என்கிறோம். முதியவரிடம் கண்டால் வயது என்கிறோம். இல்லத்தரசியிடம் கண்டால் கண்டுகொள்வதே இல்லை. இம்மூன்றும் பிழை என்பதே இன்று நாம் எடுத்துரைக்க விரும்பும் செய்தி.

உழைப்பினால் வரும் களைப்பு நல்ல உறக்கத்தில் நீங்கிவிடும். உறங்கி எழுந்த பின்னும் நீங்காமல் சில வாரங்கள் தொடர்ந்தால், அது உடல் நமக்கு விடுக்கும் அறிவிப்பாகும். அதன் காரணத்தைத் தேட வேண்டும்.

காரணங்களுள் நம் நாட்டில் பரவலாகக் காணப்படுவது இரத்தசோகை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. தமிழ்நாட்டில் இது 53 சதவீதம். அதாவது, நம் வீட்டுப் பெண்மக்களில் இருவரில் ஒருவர் என்று கொள்ளலாம். ஆண்களிலும் நான்கில் ஒருவருக்கு இக்குறை உண்டு.

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அதனை உருவாக்க இரும்புச்சத்து தேவை. இரும்பு குறைந்தால் தசைகளுக்கும் மூளைக்கும் போதிய பிராணவாயு சேராது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், படபடப்பு, தலைசுற்றல், முடி உதிர்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். பச்சரிசி, சாம்பல், மண் ஆகியவற்றைத் தின்னத் தோன்றுவதும் இதன் அறிகுறியாக இருக்கலாம். அதனைக் கெட்ட பழக்கம் என்று கடிவதை விடுத்து, இரத்தத்தைப் பரிசோதிப்பதே அறிவுடைமை.

பெண்களுக்கு இக்குறை மிகுதியாக இருப்பதற்கு மாதவிடாயும் மகப்பேறும் முதன்மையான காரணங்கள். அவற்றோடு நாம் உண்டாக்கிய காரணம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் அனைவருக்கும் பரிமாறிவிட்டு, எஞ்சியதை இறுதியில் உண்பவள் தாய். இறைச்சித் துண்டுகள் பிள்ளைகளின் தட்டுக்கும் கணவரின் தட்டுக்கும் சென்றுவிட, அவளுக்கு மிஞ்சுவது சோறும் குழம்பும். நோன்புக் காலத்தில் சஹருக்கு முதலில் எழுபவளும், இரவில் இறுதியாகப் படுப்பவளும் அவளே. ஒரு தட்டில் சேர்ந்து உண்பதும், வேலையைப் பகிர்ந்துகொள்வதும் மருந்துச்சீட்டில் எழுதப்படாத மருந்துகள் என்போம்.

உணவில் ஆட்டிறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேரும். கருவுற்ற பெண்கள் மட்டும் ஈரலைத் தவிர்ப்பது நன்று. கீரை, பயறு வகைகளிலுள்ள இரும்பு குறைவாகவே சேரும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றை உடன் சேர்த்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் அருந்தும் வழக்கம் இரும்பு சேர்வதைத் தடுக்கிறது. ஒரு மணி நேரமாவது கழித்து அருந்தலாம்.

ஆயினும், இரத்தசோகை வந்த பின் உணவு மட்டும் போதாது; மாத்திரை தேவை. 2018ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'இரத்தசோகை இல்லா இந்தியா' திட்டத்தின்கீழ் இரும்புச்சத்து மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாக வழங்கப்படுகின்றன. அவற்றை உண்டால் மலம் கறுக்கும். அதற்காக அஞ்சி நிறுத்திவிடலாகாது. இரத்த அளவு சீரான பின்னும், உடலின் இருப்பு நிரம்புவதற்காக ஏறத்தாழ மூன்று மாதங்கள் தொடர வேண்டியிருக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறை ஏற்பட்டால், குடற்புண், மூலம், குடற்புற்று போன்றவற்றால் உள்ளே இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது கட்டாயம். கடையில் டானிக் வாங்கிக் குடித்துக் காலம் கடத்துவது ஆபத்தை மறைப்பதாகும்.

களைப்பு அனைத்தும் இரத்தசோகை அன்று. தைராய்டு சுரப்புக் குறைவு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், மனச்சோர்வு ஆகியவையும் காரணமாகலாம். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல்லாண்டுகள் உண்போருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். உரத்த குறட்டையும், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதலும் உள்ளவர்கள் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் களைப்புடனேயே எழுவார்கள். இளைஞர்களின் களைப்புக்கோ நள்ளிரவு கடந்தும் கையில் ஒளிரும் கைபேசியும் காரணமாகலாம். வயது வந்தோருக்கு ஏழு மணி நேர உறக்கமாவது வேண்டும்.

எனவே, களைப்பு நீடித்தால் மருத்துவரை அணுகி, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். களைப்புடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், காரணமற்ற உடல் மெலிவு இருப்பின் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

வரும் ஆண்டில், நோன்பு தொடங்குவதற்கு முன்பாகவே, நம் ஜமாஅத்தின் பெண்மக்களுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை முகாமை நிர்வாகம் நடத்த வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு முன், இன்று வீடு திரும்பியதும் நாம் ஒவ்வொருவரும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. "அசதியாக இருக்கிறது" என்று தாயோ மனைவியோ மகளோ சொன்னால், "எத்தனை நாளாக?" என்று அன்புடன் கேளுங்கள். சிகிச்சை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.