சாம்பிள் பீஸும் தண்ணீர் ஒப்பந்தமும்



ரகசியத்தைப் பற்றித் திருப்பூர்க்காரருக்குப் பாடம் எடுக்க முடியாது. பையர் என்ன ரேட் கொடுத்தார் என்று பக்கத்துக் கம்பெனிக்காரர் கேட்டால், "என்னமோ ஓடுதுங்க" என்போம். சாம்பிள் பீஸை மடித்து உள்ளே வைத்துவிட்டுத்தான் வந்தவருக்கு டீ சொல்வோம். அதில் தப்பில்லை, தொழில் அப்படி. 2005-ஆம் ஆண்டு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டமும் எட்டாம் பிரிவில் வணிக ரகசியத்துக்கு இடம் விட்டிருக்கிறது.

ஊருக்குக் குடிநீர் தருகிற ஒப்பந்தமும் சாம்பிள் பீஸ்தானா? அதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி நம் ஊர்த் தண்ணீரை வைத்தே கோர்ட் ஏறியதுங்க. நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் கொண்டுவந்த குடிநீர்த் திட்டத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர். சாயப்பட்டறைக்கும் அந்தத் தண்ணீர்தான், வீட்டுக் குழாய்க்கும் அதுதான். மத்தியப் பிரதேசத்தில் பட்வானியில் இருக்கும் மந்தன் அத்யயன் கேந்திரா என்ற ஆய்வு அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி திட்டத்தின் ஆவணங்களைக் கேட்டது. நாங்கள் கம்பெனி, இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று பதில் வந்தது. மாநிலத் தகவல் ஆணையம் கொடுக்கச் சொன்னது. கம்பெனி உயர் நீதிமன்றம் போனது. 2010 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னவர் நீதிபதி சந்துரு. ஆமாங்க, 'ஜெய்பீம்' படத்தில் வக்கீலாகப் பார்த்தீர்களே, அவரேதான். அரசின் பணமும் இருக்கிறது, செய்வதும் உள்ளாட்சியின் வேலை. ஆகவே மக்களுக்குத் தகவல் தர வேண்டிய பொது அமைப்புதான் இது என்றார்.

எனக்கு ஒரு வெட்கம் உண்டுங்க. கேட்டவர்கள் பட்வானிக்காரர்கள். குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் நாம்.

அப்படியானால் எந்தக் கதவையுமே சாத்தக் கூடாதா? சாத்த வேண்டிய கதவும் இருக்கிறது. பத்துப் பேர்கூட இல்லாத ஜாப் ஒர்க் யூனிட்டில் ஒரு தங்கைக்கு மேஸ்திரியால் பாலியல் தொந்தரவு. மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் அவள் புகார் கொடுக்கிறாள். அவள் பெயரையும் புகாரில் உள்ளதையும் தகவல் சட்டத்தைக் காட்டிக்கூட யாரும் வாங்க முடியாது என்கிறது பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். நியாயம் கிடைத்தது என்ற செய்தியைச் சொல்லலாம், அவள் யார் என்று தெரியாமல். அந்தக் கதவை நாமே காவல் நின்று சாத்தி வைப்போம்.

நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவும் அப்படி மூடி வைக்க வேண்டியதா? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்தது என்று இங்கே இருக்கிற பெரியவர்களைக் கேளுங்கள். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிக்கு ஆய்வறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரிந்தது. பட்டறைக்காரரே, உங்கள் ஷேடுக்கு எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று நான் கேட்க மாட்டேன். வெளியே போகிற தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று கட்டாயம் கேட்பேன்.

இனி, கூட்டங்களின் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பொது அமைப்பும், தன் குழுக்களின் கூட்டத்துக்குப் பொதுமக்கள் வரலாமா, நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்கலாமா என்று தானாகவே வெளியிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவுங்க இது. யாரும் மனுப் போட்டுக் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு கோப்பில் நாலு வரி ரகசியமென்றால் அந்த நாலு வரியை மறைத்துவிட்டு மீதியைக் கொடு என்கிறது பத்தாம் பிரிவு. துணியில் ஒரு இடத்தில் ஓட்டை என்று ரோலையே தூக்கி எறிவோமா?

மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறோம். வெள்ளைத்தாளும் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பும் அங்கே இருக்கிறது. உங்கள் வார்டுத் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு சாப்பிடப் போங்க.