பால்வாடிப் பிள்ளைகளும் குடற்புழுவும்



கொடிக்காலுக்கும் நடவுக்கும் போகும்போது, பிள்ளையைப் பால்வாடியில் விட்டுட்டுத்தான் போறோம். அங்கே சத்துமாவும் முட்டையும் கிடைக்குது. ஆனாலும் சில பிள்ளைகள் தேறுவதில்லை. வயிறு உப்பி, முகம் வெளுத்து, சோர்ந்து கிடக்கும். "கண்ணு பட்டிருச்சு"ன்னு மந்திரிக்கப் போறோம். அது குடற்புழுவாகவும் இருக்கலாம் தாயி.

கொக்கிப்புழு வெறுங்கால் வழியாக ஏறி, குடலைக் கவ்வி ரத்தத்தை உறிஞ்சும். உருண்டைப்புழுவின் முட்டை மண்பட்ட கையோடு வாய்க்குள் போகும். கீரிப்பூச்சியின் முட்டை நகக்கண்ணில் தங்கி, பாய், விளையாட்டுச் சாமான் வழியாக அடுத்த பிள்ளைக்குப் பரவும்.

இதற்காகத்தான் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்குது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். 1 வயது முடிந்து 2 வயது வரை அரை மாத்திரை. அதற்கு மேல் முழு மாத்திரை, 400 மில்லிகிராம். சின்னப் பிள்ளைக்குப் பொடிச்சுத் தண்ணியில் கலந்து தருவாங்க. சிலருக்கு லேசா வயிற்றுவலி, குமட்டல் வரலாம், சீக்கிரம் சரியாயிரும். அதுக்குப் பயந்து அன்னைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்திடாதீங்க. காய்ச்சல் இருந்தால் மட்டும் டீச்சரிடம் சொல்லி, தேறின பிறகு கொடுங்க.

மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைத்தான் கொல்லும். மறுபடி ஏறுவதைத் தடுக்காது. அதனால் ஒவ்வொரு குழுவும் தன் தெரு அங்கன்வாடிக்குச் சோப்பும் நகவெட்டியும் வாங்கித் தரணும். கழிப்பறையில் தண்ணி வருதான்னு மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கணும். வரலைன்னா தீர்மானம் போட்டு ஊராட்சியிலும் பேரூராட்சியிலும் கேட்கணும். கடன் கணக்கைப் பார்க்கிற மாதிரி இதையும் பார்ப்போம்.